காரைக்குடிக்கு மின்வேதியியலைக் கொண்டுவந்த வள்ளல் அழகப்பச் செட்டியார்

திருப்பதியில் உள்ள மின்னணு உற்பத்தித் தொகுப்பில், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் செலவில் லித்தியம் அயான் மின்கல ஆலையை அமைத்துள்ளது. அங்கு நாள்தோறும் 20,000 மின்கலங்கள் தயாரிக்க முடியும் என்று மத்திய அரசு 2022-ம் ஆண்டு அறிவித்தது. கைபேசி, காதில் அணியும் ஒலிக்கருவி போன்ற சிறு சாதனங்களுக்கான மின்கலங்களும் உருவாகும் என்று தெரிவிக்கப்பட்டது.

இத்தகைய மின்கலங்களுக்கு அடிப்படையான துறை மின்வேதியியல். மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையில் இருந்து கிராஃபைட்டுக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது அவை திரும்புகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே ஓடிக் கருவியை இயக்குகின்றன. மின்கலம் சிறியதாகச் சிறியதாக, ஆற்றலைச் சேமிக்காத உறையும் பிரிப்புத் தாளும் பிடிக்கும் இடத்தின் பங்கு கூடுகிறது. சிறு மின்கலத்தின் பெருஞ்சிக்கல் அதுவே.

இத்துறைக்கான தேசிய ஆய்வகம் வறண்ட செட்டிநாட்டில் அமையக் காரணமானவர், ஆங்கில இலக்கியம் பயின்ற ஒரு வணிகர்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ம் தேதி பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, லண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். நூற்பாலை உள்ளிட்ட தொழில்களில் பெரும்பொருள் ஈட்டினார். ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை, நாடு விடுதலை பெற்றதும் துறந்தார்.

சென்னையில் 1947 ஜூலையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்களை வேண்டினார். அழகப்பர் அந்த மேடையிலேயே இசைந்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது.

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் அளித்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். பெருநகரமோ பெருந்தொழிலோ இல்லாத ஊருக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது இந்தக் கொடையால்தான் என்று சொல்வது மிகையாகாது. 1948 ஜூலை 25-ம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ம் தேதி ஆய்வகத்தைத் திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியை அவர் முடித்ததும் திருப்பதியில்தான்.

தமது செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கே அளித்த அழகப்பர், 48-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1957 ஏப்ரல் 5-ம் தேதி காலமானார். அவர் அளித்த நிலத்தில் எழுந்த ஆய்வகம், லித்தியம் அயான் மின்கலத் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கி, அதை வழங்குவதற்காக ராசி சோலார் நிறுவனத்துடன் 2018 ஜூனில் ஒப்பந்தம் செய்தது.