ஜேம்ஸ் பிரின்செப்: காசை உருக்கும் வேலையில் இருந்தவர், காசைப் படிக்கக் கற்றுக்கொடுத்த கதை

அசோகர் கல்வெட்டைப் படித்துச் சொன்னவர் யார் என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குத் தயாரான யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். ஜேம்ஸ் பிரின்செப், 1837. ஒரு மார்க் வாங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

ஆனால் அவருடைய சம்பள வேலை என்ன தெரியுமா? அவர் பேராசிரியர் இல்லை. தொல்லியல் அதிகாரியும் இல்லை, அப்படி ஒரு துறையே அப்போது இந்தியாவில் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையில் மாற்றுப் பார்ப்பவர். உள்ளே வரும் பழைய காசிலும் வெள்ளிக் கட்டியிலும் சுத்த உலோகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவை உருக்கு உலைக்குப் போய்விடும்.

பழைய காசு அழியும் வாசலில் உட்கார்ந்திருந்த மனிதர் இவர். அவர்தான் மண்ணிலிருந்து வரும் சின்னச் சின்னக் காசுகளை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று இந்தியாவுக்கு ஒரு வழியைக் காட்டினார். அந்த வழி இன்றைக்கு உங்களுக்கும் உதவும். எப்படி என்று பார்க்கலாம்.

கண் கெட்டது, வேலை மாறியது

பிரின்செப் பிறந்தது 1799 ஆகஸ்ட் 20. அப்பா ஜான் பிரின்செப் வங்காளத்தில் அவுரி வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். கம்பெனிக்காகச் செப்புக்காசு அடித்துக் கொடுத்தவரும்கூட. ஆக, காசு அந்தக் குடும்பத்துக்குப் புதிது இல்லை.

பையனுக்குக் கட்டடக் கலைஞர் ஆகத்தான் ஆசை. அகஸ்டஸ் பூகின் என்பவரிடம் வரைகலை படித்தார். நடுவில் கண்ணில் நோய் வந்து பார்வை மங்கியது. நுணுக்கமாக வரையும் தொழில் இனி சரிப்படாது என்று குடும்பம் வேறு வழி தேடியது. லண்டன் ராயல் மின்ட்டில் மாற்றுப் பார்க்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1819 செப்டம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். வயது 20.

பிறகு கண் சரியாகிவிட்டது. வரையப் பழகிய கையும், எடை போடப் பழகிய கண்ணும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல்.

காசியில் பத்து வருஷம்

1820-இல் அவரைக் காசி நாணயச்சாலைக்கு அனுப்பினார்கள். 1830-இல் அந்தச் சாலை மூடப்படும் வரை அங்கேதான் இருந்தார். மாற்றுப் பார்க்கும் வேலையோடு அவர் நிற்கவில்லை. ஊரை அளந்து வரைபடம் போட்டார். மக்கள்தொகை எண்ணினார். தேங்கி நின்ற தண்ணீர் கங்கைக்குப் போக நிலத்தடிக் கால்வாய் கட்டினார். ஔரங்கசீப் மசூதியின் மினார்கள் சாயும் நிலையில் இருந்தபோது அவற்றைச் சரிசெய்தார்.

உலையின் சூடு எவ்வளவு என்று அளக்க அந்தக் காலத்தில் நம்பகமான கருவி இல்லை. தங்கம், வெள்ளி, பிளாட்டினம் மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து, எந்தக் கலவை எப்போது உருகுகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். அது 1828-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. சொசைட்டி அவரை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அவர் அமைத்த தராசு ஒன்று மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் காட்டும்.

அளக்க முடிந்ததை எல்லாம் அளந்து எழுதி வைப்பது அவருடைய சுபாவம். இன்றைக்கு இருந்திருந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டை மூடவே மாட்டார்.

தபாலில் வந்த காசுகள்

1832-இல் கல்கத்தா நாணயச்சாலையின் தலைமை மாற்றுப் பரிசோதகர் ஆனார். அதே வருஷம் ஆசியாடிக் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பும் கைக்கு வந்தது. சொசைட்டி தொடங்கிய மாத இதழுக்கும் அவரே ஆசிரியர். அந்த இதழ் வழியாக ஊர் ஊராக இருந்த ராணுவ அதிகாரிகள், பொறியாளர்கள், டாக்டர்கள் தங்களிடம் இருந்த காசுகளையும் படிகளையும் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஓர் உதாரணம். 1834-இல் சகாரன்பூர் பக்கம் பேஹட் என்ற ஊரில் கால்வாய் வேலை நடந்தது. பொறியாளர் காட்லி, மண்ணுக்குள் புதைந்த ஒரு பழைய ஊரையே கண்டார். காசுகளோடு அவை கிடைத்த ஆழத்தையும் குறித்து அனுப்பினார். வெறும் காசு வந்திருந்தால் அது ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான். இடமும் ஆழமும் கூட வந்ததால் அது ஆதாரம் ஆனது.

பிரின்செப் செய்தது என்ன? ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் தானே வரைந்தார். பல அச்சுத் தகடுகளைத் தன் கையாலேயே செதுக்கினார். என்ன உலோகம், யாரிடமிருந்து வந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதினார். படிக்க முடிந்த எழுத்தைப் படித்தார். முடியாததை அப்படியே வரைந்து வெளியிட்டார். தெரிந்ததை மட்டும் காட்டி, தெரியாததைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை.

காளை, குதிரை, புள்ளிகள்

பிரின்செப் என்றாலே கிரேக்கர், குஷாணர், அசோகர் என்றுதான் பேச்சு போகும். அவருடைய வரைபடப் பக்கங்களில் இடைக்காலத்துச் சின்னக் காசுகளும் இருக்கின்றன. இரண்டு வகைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காளை–குதிரைவீரன் காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் காளை, மறுபக்கம் ஈட்டியோடு குதிரைவீரன். எடை சுமார் மூன்று கிராம். காபூல் பகுதி இந்து ஷாஹி அரசர்கள் தொடங்கிய வடிவம் இது. வட இந்தியாவின் ராஜபுத்திர அரசர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1192-க்குப் பிறகு டெல்லிக்கு வந்த துருக்கிய ஆட்சியாளர்களும் உடனே இதை மாற்றவில்லை. ஆட்சி மாறியது, மதம் மாறியது, கடைத்தெருவில் அதே காளையும் குதிரையும் ஓடின. மக்கள் நம்பும் காசை எந்த அரசன்தான் சட்டென்று நிறுத்துவான்?

இரண்டாவது, கதையா காசு. குஜராத், ராஜஸ்தான், மாளவப் பகுதிகளில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியது. பார்த்தால் புள்ளியும் கோடும்தான் தெரியும். வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆரம்பத்தில் அது பாரசீக சாசானிய அரசரின் முகமும் அக்கினி மேடையும். நகல், நகலின் நகல் என்று போய்ப்போய் முகம் புள்ளியாகிவிட்டது. இந்தப் பாரசீகத் தொடர்பைக் காசுகளை வைத்தே காட்டியவர் பிரின்செப்.

இந்தக் காசுகள் எல்லாவற்றையும் அவர் சரியாக அடையாளம் கண்டுவிடவில்லை. காளை–குதிரைவீரன் வரிசையின் தொடக்கம் காபூல் இந்து அரசர்கள் என்பதை நிலைநாட்டியது, அவருக்குப் பின் வந்த எட்வர்ட் தாமஸ். அடையாளம் தப்பலாம். பதிவு சரியாக இருந்தால் அடுத்தவர் வந்து திருத்திவிடுவார். பதிவே இல்லை என்றால் திருத்த எதுவும் இருக்காது.

இலங்கையிலிருந்து வந்த திருத்தம்

பிராமி எழுத்து விஷயத்திலும் இதேதான் நடந்தது. பிரின்செப் முதலில் எழுத்துகளையும் அவற்றோடு வரும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாகப் பிரித்து அட்டவணை போட்டார். 1836-இல் கிரிஸ்டியன் லாசென் என்ற அறிஞர், கிரேக்கமும் பிராமியும் சேர்ந்திருந்த அகதோக்ளிஸ் அரசரின் காசிலிருந்து சில எழுத்துகளைப் படித்தார். 1837-இல் சாஞ்சி ஸ்தூபியின் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் படியாக வந்தன. பல வரிகள் ஒரே மாதிரி முடிவதைப் பிரின்செப் கவனித்தார். தானம் என்ற சொல்லாக இருக்குமோ என்று ஊகித்தார். பூட்டு திறந்தது.

ஆனால் கல்வெட்டுகளில் வரும் பியதசி யார்? அவர் இலங்கையின் ஓர் அரசர் என்றுதான் பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், பாலி மொழி தீபவம்சத்தை வைத்து, அது அசோகர் என்று காட்டினார். பிரின்செப் அதை ஏற்று, தன் இதழிலேயே வெளியிட்டார். அடுத்த வருஷம் குஜராத்தின் கிர்நார் பாறையைப் படித்தபோது, அங்கே சோழர், பாண்டியர் பெயர்களும் இருந்தன. நம் ஊர் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பின்னால் வந்தவர்கள் படித்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

உலைக்குப் போனவை

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நாளில் கம்பெனி ஆட்சியில் பல வகை ரூபாய்கள் ஓடின. வங்காள சிக்கா ரூபாயில் முகலாயப் பேரரசர் ஷா ஆலத்தின் 19-ஆவது ஆட்சி ஆண்டு என்று இருக்கும். அவர் 1806-இல் இறந்துவிட்டார். காசு மட்டும் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே 19-ஐப் போட்டுக்கொண்டே வெளிவந்தது. காசில் இருக்கும் தேதியை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்தக் குழப்பத்தை நீக்க 1835-இல் ஒரே ரூபாய் வந்தது. 180 கிரெயின் எடை, அதாவது சுமார் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்தச் சீர்திருத்தத்தில் பிரின்செப்பின் பங்கு பெரியது. வியாபாரிக்கு நிம்மதிதான். பழைய ரூபாய்களுக்கோ உலைதான் கதி.

இப்படி ஒரு வேலை இந்தியாவில் அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. அலாவுதீன் கில்ஜி காலத்தில் டெல்லி அரசுப் பணியில் இருந்த தக்குர ஃபேரு என்ற ஜைனர், 1318-இல் திரவ்ய பரீக்ஷா என்ற நூலை எழுதினார். குஜராத், மாளவம், தேவகிரி என்று பல நாட்டுக் காசுகள், 200-க்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றின் எடை, உலோக அளவு, டெல்லிக் காசில் அதன் மதிப்பு. கிட்டத்தட்ட ஒரு டேட்டாபேஸ். அதன் கையெழுத்துப் பிரதி 1946-இல் கல்கத்தாவில்தான் கிடைத்தது. பிரின்செப் அதைப் பார்த்ததே இல்லை. 500 வருஷ இடைவெளியில் இரண்டு பேர் ஒரே வேலையில் இருந்துகொண்டு ஒரே பழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். கையிலிருந்து போகப்போகிற காசைப் பற்றி எழுதி வைக்கும் பழக்கம்.

நாற்பது வயதில் முடிந்தது

பகலில் நாணயச்சாலை. மீதி நேரத்தில் காசு, கல்வெட்டு, இதழ். 1838-இல் தலைவலியில் தொடங்கி மூளையே தளர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நினைவு திரும்பவில்லை. 1840 ஏப்ரல் 22-இல் இறந்தார். வயது 40. கல்யாணமாகி ஐந்து வருஷம், ஒரு குழந்தை.

அவர் சேர்த்த காசுகள் 1847-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் பிரின்செப் காட் என்ற படித்துறை அவர் பெயரில் நிற்கிறது. எட்வர்ட் தாமஸ் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்தார். டெல்லி சுல்தான்களின் வரலாற்றைக் காசுகளை வைத்தே எழுதினார். பிரின்செப்பிடம் பழகிய இளம் பொறியாளர் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம், பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையை நிறுவினார். அவருடைய கடைசி நூல்களில் ஒன்று, 1894-இல் வந்த இடைக்கால இந்தியக் காசுகள் பற்றியது.

சரி, உங்களுக்கு என்ன?

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, தோட்டத்தில் குழி எடுக்கும்போதோ, சாலை வேலையிலோ இப்படி ஒரு காசு உங்கள் கண்ணில் படலாம். அப்போது பிரின்செப் செய்ததைச் செய்யுங்கள்.

முதலில், தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். எழுத்து இருப்பதே அந்த மேல்பூச்சில்தான். இருந்த இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்து, மேலே இருந்து எத்தனை அடி ஆழம் என்று குறியுங்கள். போனில் லொகேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம். எடையை நகைக்கடைத் தராசில் பார்க்கலாம். முன்பக்கம் நேராக இருக்கும்போது பின்பக்கத்தின் தலை எந்தத் திசையில் நிற்கிறது என்று கடிகார முள் கணக்கில் எழுதுங்கள். கூடவே கிடைத்த பானை ஓட்டையும் தூக்கிப் போடாதீங்க.

அடுத்து சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறைக்கு இடமுண்டு. தெரிவித்தவர் வெறுங்கையோடு போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவிக்கப்பட்டு, வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இவ்வளவு தெரியாததால்தான் பல காசுகள் கிடைத்த அன்றைக்கே நகைப் பட்டறை உலைக்குப் போய்விடுகின்றன. அங்கே வெள்ளிக்கு மட்டும்தான் விலை. எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவலுக்கு அங்கே விலை பூஜ்ஜியம். ஒருமுறை உருகிவிட்டால், எத்தனை பிரின்செப் வந்தாலும் அதைப் படிக்க முடியாது. யாருடைய காசு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை காசும் குறிப்பும் பிரியாமல் இருந்தால் போதும்.