25 சென்ட்டில் பிறந்த பத்திரிகை: ராபர்ட் அபாட்டின் வாழ்க்கை

ஒரு வீட்டில் திருமணம் நடக்கிறது. இன்னொரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்துபோகிறார். இவையெல்லாம் ஒரு செய்தியா என்று நாம் கேட்கலாம். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு, தங்கள் வீட்டு நல்லது கெட்டது அச்சில் வருவதே பெரிய விஷயம். வெள்ளையர் நடத்திய ஏடுகளில் அவர்களின் பெயர் பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான் இடம்பெறும். பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்று போடும் மரியாதையைக்கூட அந்த ஏடுகள் தரவில்லை.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் செங்ஸ்டாக் அபாட். பாதுகாவலன் என்ற பொருள் தரும் 'சிகாகோ டிஃபெண்டர்' வார இதழை நிறுவியவர்.

நிறம் மறித்த கதவுகள்

1870ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத் தீவான செயின்ட் சைமன்ஸில் அபாட் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் ஜான் செங்ஸ்டாக். ஜெர்மானியத் தந்தைக்கும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்தவர் அவர். பாதிரியாராகவும் ஆசிரியராகவும் இருந்ததோடு ஒரு சிறு பத்திரிகையும் நடத்தினார். அச்சு மையின் வாசனையை அபாட் அறிந்தது அந்த வளர்ப்புத் தந்தையிடம்தான்.

வர்ஜீனியாவில் உள்ள ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் அபாட் அச்சுத் தொழிலைக் கற்றார். பிறகு சிகாகோவுக்குச் சென்று 1899இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞராக அவர் நிலைக்க முடியவில்லை. அவருடைய நிறம் மிகவும் கருமையானது. நீதிமன்றத்தில் எடுபடாது என்று அவருக்கு அறிவுரை சொன்னவர், வெளிர் நிறம் கொண்ட ஒரு கறுப்பின வழக்கறிஞர்! வெள்ளையரிடம் பட்ட அவமானம் ஒருபுறம் என்றால், சொந்த மக்களிடமே பட்ட இந்த அவமானம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

சாப்பாட்டு மேசையே அலுவலகம்

1905ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி டிஃபெண்டரின் முதல் இதழ் வெளிவந்தது. கையிலிருந்த முதலீடு 25 சென்ட். அச்சானவை 300 பிரதிகள். அலுவலகம் வைக்க இடமில்லை. அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஹென்ரியட்டா லீ என்ற பெண்மணி தம் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, அபாட்டே செய்தி எழுதினார், விளம்பரம் பிடித்தார், பிரதிகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகச் சென்று விற்றார். அவர் பசித்திருந்த நாட்களில் சோறு போட்டதும் அந்த அம்மையார்தான். பின்னாளில் வசதி வந்ததும் அபாட் அவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்து நன்றிக்கடனைத் தீர்த்தார்.

முடிதிருத்தும் கடைகள், தேவாலயங்கள், உணவகங்கள் என மக்கள் கூடும் இடங்களெல்லாம் அவருடைய செய்திக் களங்கள். யார் ஊரிலிருந்து வந்தார்கள், யாருக்கு உடல்நலம் சரியில்லை, எந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தது என்ற செய்திகள் வாரந்தோறும் வந்தன. தென் மாநிலங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமைகளும் அதே தாளில் கொட்டை எழுத்தில் வெளியாயின.

ரயிலில் சென்ற செய்தி

சிகாகோவில் அச்சான இதழ் தென் மாநிலக் கிராமங்களுக்கு எப்படிப் போனது? புல்மேன் நிறுவனத்தின் தூங்கும் வசதி ரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்கள்தான் அதைக் கட்டுக்கட்டாகக் கொண்டு சென்றார்கள். சில ஊர்களில் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த இடங்களும் உண்டு. ஆனாலும் ஒரு பிரதி பல கை மாறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர் வருவது நின்றது. வடக்கே தொழிற்சாலைகளில் ஆள் தேவைப்பட்டது. தெற்கே பருத்தியை வண்டு அழித்துக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் தெற்கிலேயே இருங்கள் என்று எழுதிய அபாட், இப்போது வடக்கே வாருங்கள் என்று அழைத்தார். 1917 மே 15ஐப் பெரும் புறப்பாட்டு நாளாகவே அறிவித்தார். வேலை எங்கே கிடைக்கும், ரயிலுக்கு என்ன வழி, குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அப்படிப் பல இடங்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களை எம்மெட் ஸ்காட் என்பவர் திரட்டி 1919இல் வெளியிட்டார். சாமானிய மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய அரிய ஆவணம் அது.

1910இல் சுமார் 44,000 ஆக இருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை, 1920இல் 1,09,000ஐத் தாண்டியது. டிஃபெண்டரின் விற்பனையும் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது.

வெற்றியும் பிழையும்

வந்தவர்களை வடக்கு இரு கை நீட்டி வரவேற்றுவிடவில்லை. நெரிசலான குடியிருப்பு, அதிக வாடகை, வெள்ளையரின் வெறுப்பு. 1919 ஜூலையில் வெடித்த சிகாகோ கலவரத்தில் 38 பேர் பலியானார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தில் அபாட்டும் ஓர் உறுப்பினர். வெள்ளையர் ஏடுகளைப் போலவே டிஃபெண்டரும் உறுதிசெய்யப்படாத வதந்தியை அச்சிட்டதை அந்த ஆணையத்தின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. பாதிக்கப்பட்டவர்களின் பத்திரிகை என்பதால் செய்தியைச் சரிபார்க்கும் பொறுப்பு குறைந்துவிடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

இன்னொரு முரணும் உண்டு. நிறத்தால் ஒதுக்கப்பட்ட அபாட்டின் இதழிலேயே தோலை வெளுக்கவைக்கும் களிம்புகளின் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. பத்திரிகை ஓட அந்தப் பணமும் தேவைப்பட்டது.

குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. 1923இல் பட் பில்லிக்கன் என்ற கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் அவர்களுக்கென ஒரு பகுதி தொடங்கினார். அதே பெயரில் 1929இல் தொடங்கிய சிறுவர் ஊர்வலம் இன்றும் சிகாகோவில் கோடைதோறும் நடக்கிறது.

1940 பிப்ரவரி 29ஆம் தேதி அபாட் காலமானார். நாட்டின் முதல் கறுப்பினக் கோடீஸ்வரர்களில் ஒருவராக அவர் உயர்ந்திருந்தார். சகோதரர் மகன் ஜான் செங்ஸ்டாக் பொறுப்பேற்று, 1956இல் அதை நாளேடாக மாற்றினார். 2019இல் அச்சுப் பதிப்பு நின்றது.

அந்தப் பழைய இதழ்களைத்தான் இன்று ஆய்வாளர்கள் தேடிப் புரட்டுகிறார்கள். தலைவர்களின் உரைகளை வேறு இடங்களிலும் படித்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு சகோதரி தன் அக்காள் வீட்டில் ஒரு வாரம் தங்கிச் சென்றாள் என்ற செய்தியை வேறு எங்கே படிப்பது? அன்று அற்பமாகத் தோன்றிய அந்த இரண்டு வரிதான், அவள் வாழ்ந்தாள் என்பதற்கு இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் சாட்சி.