லெனார்ட் செஷயர்: குண்டு வீச்சிலிருந்து கைங்கர்யத்திற்கு

செஷயர் ஹோம் என்ற பெயர்ப் பலகையை நம் அங்கத்தினர்களில் பலர் தாங்கள் வசிக்கும் ஊரிலேயே பார்த்திருக்கக்கூடும். மும்பை, டெல்லி, பெங்களூரு, கோயம்புத்தூர், ஜாம்ஷெட்பூர் என்று பல நகரங்களில் உண்டு. ஊனமுற்றவர்களும் நாட்பட்ட நோயாளிகளும் தங்கும் இடம் என்பதற்கு மேல் விசாரித்தால் பலருக்கும் தெரிவதில்லை. செஷயர் என்று இங்கிலாந்தில் ஒரு மாவட்டம் இருப்பதால் அதை ஊர்ப் பெயர் என்றே எண்ணுபவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். நம் வக்கீல் அன்பர்களுக்கு இக்குடும்பப் பெயர் வேறு வழியில் பழக்கமாகியிருக்கும். ஒப்பந்தச் சட்டம் படிக்கும்போது புரட்டிய செஷயர்–ஃபைஃபூட் புத்தகத்தின் முதல் ஆசிரியர், நம் கதாநாயகரின் தகப்பனார்.

லெனார்ட் செஷயர் 1917 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தார். படிப்பைவிட வேகமான கார்களிலும் பந்தயங்களிலும் நாட்டம் அதிகம் என்று தெரிகிறது. பல்கலைக்கழக விமானப் பிரிவில் பறக்கக் கற்றிருந்தார். 1939-ல் யுத்தம் மூண்டதும் குண்டு வீச்சு விமானியானார். 1940 நவம்பரில் அவருடைய விமானம் பீரங்கிக் குண்டு பட்டுப் பக்கவாட்டில் பெரிதாகப் பிளந்துவிட்டது. அதை அப்படியே ஊர் கொண்டு வந்து சேர்த்தார். 25 வயதில் குரூப் கேப்டன் ஆனார். பிறகு மேஜைக்குப் பின்னால் உட்காரப் பிடிக்காமல், தாமே கேட்டு ஒரு படி பதவி இறங்கி 617-ஆவது படைப்பிரிவின் தலைமையை ஏற்றார். சர்க்காரில் முப்பது வருஷங்களுக்கு மேல் உத்தியோகம் பார்த்தவன் நான். பதவி உயர்வுக்காக மனு எழுதியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இறக்கத்திற்காக எழுதியவர் எவரையும் கண்டதில்லை.

1944 பிப்ரவரியில் பிரான்ஸில் லிமோஜ் நகரத்து விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்க உத்தரவு வந்தது. இரவு ஷிஃப்டில் உள்ளே இருந்தவர்கள் பிரெஞ்சுத் தொழிலாளர்கள். அவர்கள் வெளியேற அவகாசம் தரும் பொருட்டு, கூரைக்கு மேல் பலமுறை மிகத் தாழ்வாகப் பறந்து எச்சரித்த பிறகே குறி போட்டார். 100 தாக்குதல்களுக்குப் பின் அவ்வருடம் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஏதோ ஒரு நாள் சாகசத்திற்காக அல்ல, நான்கு வருஷ இடைவிடாத பணிக்காக அது வழங்கப்பட்டது அபூர்வம்.

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தபோது, விஞ்ஞானி வில்லியம் பென்னியுடன் பிரிட்டனின் பார்வையாளராக அனுப்பப்பட்டவர் இவர். அவர்கள் சென்ற விமானம் மற்றவற்றுடன் சேரத் தவறியதால், வெகு தூரத்திலிருந்தே அந்த மேகத்தைப் பார்த்தார். அந்தக் குற்ற உணர்வில்தான் தொண்டுக்கு வந்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் அது சரியல்ல. குண்டு யுத்தத்தை முடித்து உயிர்களைக் காத்தது என்பதே கடைசி வரை அவர் கட்சி. அதை நான் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

தொண்டுக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு தோல்வி. யுத்தம் முடிந்த பின் முன்னாள் சிப்பாய்கள் கூட்டாக வாழும் குடியிருப்பு ஒன்றை நடத்த முனைந்து, ஹாம்ப்ஷயரில் லே கோர்ட் என்ற பெரிய பங்களாவை வாங்கினார். பூசலும் கடனுமாக அது கலைந்தது. 1948-ல் அங்கே முன்பு வேலை செய்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இருப்பதாகத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. படுக்கை வேறு நோயாளிக்குத் தேவை. அவருக்குப் போக்கிடம் இல்லை. செஷயர் அவரைக் காலி பங்களாவிற்கு அழைத்து வந்து, சமைத்துப் போட்டு, உடம்பு துடைத்து, மலஜலம் எடுத்து, ஆகஸ்டில் அவர் இறக்கும் வரை கூட இருந்தார். நர்ஸ் பயிற்சியும் இல்லை, கையில் பணமும் இல்லை. அதற்குள் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை ஏற்க முடியுமா என்று கேட்டு வந்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வீடு நிரம்பியது. திட்டம் தீட்டித் தொடங்கியதல்ல, தட்டிய கதவைத் திறந்ததால் உண்டானது. அவ்வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் கத்தோலிக்கரானார். ஆனால் இல்லங்களில் மதம் பார்த்து யாரையும் சேர்க்கவில்லை.

1951-ல் கார்ன்வாலில், கைவிடப்பட்ட விமானத் தளக் கொட்டகைகளில் இரண்டாவது இல்லம் எழுந்தது. மறு வருஷமே அவருக்குக் காசநோய். இரண்டு வருஷங்களுக்கு மேல் சானடோரியம். பல அறுவை சிகிச்சைகள். படுக்கையிலிருந்தபடியே கடிதங்கள் எழுதி இல்லங்களைப் பெருக்கினார்.

அவர் பிரிட்டனை விட்டு வெளியே தொடங்கிய முதல் இல்லம் நம் நாட்டில்தான். 1956-ல் பம்பாய் அந்தேரியில், மகாகாளி குகைகளுக்குப் போகும் பாதையில் அது ஆரம்பமாயிற்று. அப்போது அந்தப் பக்கம் காடு. 1959 ஏப்ரலில் அதே பம்பாயில் சூ ரைடரை மணந்தார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காகத் தனியே இல்லங்கள் நடத்தி வந்தவர். தம்பதி சேர்ந்து டேராடூனில் ராஃபேல் என்ற மையத்தை உண்டாக்கினார்கள். குஷ்டரோகிகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

செஷயரின் நிர்வாக முறையை நான் மிகவும் மெச்சுகிறேன். ஒவ்வொரு இல்லத்தையும் அந்தந்த ஊர்ப் பிரமுகர்கள் அடங்கிய கமிட்டியே நடத்த வேண்டும். பணமும் அவர்களே திரட்ட வேண்டும். லண்டன் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் அவர் காலமானபோது 49 நாடுகளில் சுமார் 270 இல்லங்கள் இருந்தன.

ஆனால் எல்லாம் புகழ்ச்சி அல்ல. எதிர்ப்பு லே கோர்ட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பால் ஹன்ட் என்ற இளைஞர் 1956-ல் அங்கே வந்து சேர்ந்தவர். எத்தனை மணிக்குப் படுப்பது, எப்போது வெளியே போவது என்பதையெல்லாம் ஊழியர்கள் தீர்மானிப்பதா என்று அவரும் நண்பர்களும் சண்டை போட்டார்கள். 1972-ல் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்து ஊனமுற்றோரின் உரிமை இயக்கமே பிறந்தது. கருணை இல்லம் வேண்டாம், எங்கள் வீட்டில் நாங்கள் வாழ உதவி வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பிற்காலத்தில் செஷயர் அறக்கட்டளையே வீடு தேடிச் சென்று உதவும் பணியில் இறங்கியது. லே கோர்ட் இல்லம் 2007-ல் மூடப்பட்டது.

இதில் நான் பால் ஹன்ட் பக்கம். ஆயினும் நம் வீடுகளை நினைத்தால் மனது தயங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. அவருக்கு 84, மாமிக்கு 79. மூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட ஐம்பது வயது மகனை இன்னும் இருவருமாகத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவில். அவர்களுக்கு வீடு இருக்கிறது; ஒத்தாசைக்குக் கைகள் இல்லை. தங்கள் காலத்துக்குப் பின் என்ன என்று அந்த மாமி கேட்டபோது, 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து மகனுக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பதினெட்டு வயதான பிறகு பெற்றோரே ஆனாலும் அந்த நியமனம் தேவை என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. காப்பாளர் கிடைக்கலாம், தினமும் தூக்கிவிட ஆள் வேண்டுமே என்றார் மாமி. செஷயரின் கமிட்டி மாதிரி ஒன்றை நம் கிளைகள் ஊருக்கு ஊர் அமைத்து, வாரத்தில் இரண்டு நாளாவது இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று செயற்குழு யோசிக்கலாம். ஷஷ்டியப்தபூர்த்திக்கு நாம் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும்.

1981-ல் ஆர்டர் ஆஃப் மெரிட், 1991-ல் பிரபுப் பட்டம் என்று கௌரவங்கள் செஷயரைத் தேடி வந்தன. அதற்குள் மோட்டார் நியூரான் என்ற நரம்பு நோய் பற்றிக்கொண்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிய, அறிவு மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும் வியாதி அது. நாற்பது வருஷங்களுக்கு மேலாக யாருக்காக உழைத்தாரோ அவர்களில் ஒருவராகவே ஆனார். 1992 ஜூலை 31 அன்று காலமானார். அம்மையார் 2000-ல் மறைந்தார். டேராடூன் ராஃபேல் இன்றும் நடக்கிறது. ஹரித்வார், ரிஷிகேஷ் யாத்திரை போகும் அன்பர்கள் டேராடூன் வழியாகத் திரும்பினால், அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம்.