கைப்பர் பட்டை: காலி என்று நினைத்தவரின் பெயர்

கைப்பர் பட்டை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் பனிப் பொருள்களின் கூட்டம். புளூட்டோவும் அதில் ஒன்று. விஷயம் என்னன்னா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே அங்கே இன்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைத்தார்.

ஜெரார்ட் கைப்பர், 1905-இல் நெதர்லாந்தில் பிறந்த தையல்காரர் மகன். லைடனில் படித்து, 1933-இல் அமெரிக்கா போனார். சக வானியலாளர்கள் பெரும்பாலும் நட்சத்திரங்களின் பின்னால் ஓடிய காலத்தில் இவர் கோள்கள் பக்கம் திரும்பினார். சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் இருப்பதை 1944-இல் சொன்னவர் இவர்தான். யுரேனஸின் மிராண்டா, நெப்டியூனின் நெரீட் என இரண்டு துணைக்கோள்களையும் கண்டுபிடித்தார்.

1951-இல் எழுதிய கட்டுரையில்தான் சிக்கல். தொடக்கத்தில் நெப்டியூனுக்கு அப்பால் பனித்துண்டுகள் இருந்திருக்கும், ஆனால் புளூட்டோவின் ஈர்ப்பு அவற்றைச் சிதறடித்திருக்கும் என்று கணித்தார். புளூட்டோ கிட்டத்தட்ட பூமி அளவு கனமானது என்று அப்போது நம்பினார்கள். உண்மையில் அதன் நிறை பூமியின் நிறையில் சுமார் 0.2 சதவீதம்தான்! அயர்லாந்துக்காரர் கென்னத் எட்ஜ்வொர்த் 1943-லேயே இந்தப் பகுதி பற்றி எழுதியிருந்தார். நியாயமாகப் பார்த்தால் பெயரில் அவருக்கும் பங்கு உண்டு. சிலர் இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கைப்பர் 1973-இல் மெக்சிகோ சிட்டியில் காலமானார். 19 வருஷம் கழித்து, ஹவாயிலுள்ள தொலைநோக்கி வழியாக டேவிட் ஜூவிட், ஜேன் லூ இருவரும் அங்கே ஒரு சின்ன செந்நிறப் புள்ளியைப் பிடித்தார்கள். இப்போது கணக்கு ஆயிரங்களில் போய்க்கொண்டிருக்கிறது.