நடைவழியில் போட்ட மேசை: ஐடா கேனன்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு, வெளிநோயாளிப் பிரிவின் நடைவழி மூலையில் ஒரு மேசை போடப்பட்டது. மருத்துவர் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்வது என்று திகைத்து நின்ற ஏழை நோயாளிகளுக்கான மேசை அது. அதை ஒரு பெரிய துறையாக வளர்த்தவர் ஐடா கேனன் என்ற தாதி.

மேசை போட்டவர் டாக்டர் ரிச்சர்ட் கேபட். நல்ல ஓய்வு, பால், முட்டை, காற்றோட்டமான அறை. காசநோயாளிகளுக்கு அன்று சொல்லக்கூடிய வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் வந்தவர்களில் பலர், ஒரே அறையில் முழுக் குடும்பத்தோடு வசித்தவர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. சில வாரங்களில் அதே இருமலோடு திரும்பி வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். தாம் பார்க்கும் வைத்தியம் பாதியிலேயே நிற்கிறது என்பது கேபட்டை உறுத்தியது. மருத்துவமனை இதற்குப் பணம் ஒதுக்கவில்லை. அதனால் தம் சொந்தப் பணத்தையும் நண்பர்கள் தந்ததையும் கொண்டு கார்னெட் பெல்டன் என்ற தாதியை அந்த மேசையில் அமர்த்தினார். சில மாதங்களிலேயே பெல்டனுக்கும் காசநோய் கண்டது. அவர் விலக, அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஐடா.

ஐடா 1877இல் மில்வாக்கியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். செயின்ட் பால் நகரில் தாதிமைப் பயிற்சி பெற்றார். பின்னர் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் ஆற்றிய உரையைக் கேட்டு மனம் மாறி, ஏழைகளின் வீடுகளுக்கே சென்று பார்க்கும் தாதியானார். 1906இல் சமூகப் பணி படிக்க பாஸ்டன் வந்தார். ஹார்வர்டில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் அவருடைய அண்ணன். ஆபத்து நேரத்தில் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதை விளக்கிய அதே வால்டர் கேனன்தான்.

ஐடா செய்த வேலை கேட்பதற்கு எளிது. ரட்லண்டிலுள்ள அரசாங்கக் காசநோய் இல்லத்தில் யாருக்கு இடம் கேட்பது? தாய் மருத்துவமனையில் படுத்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? முதுகு வளைந்த சிறுவனுக்குத் தாங்கு கருவி வாங்க எந்த அறநிலையம் உதவும்? ஊரில் உதவி அமைப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று நோயாளிக்குத் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் இடையில் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல்தான் வந்தது. அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

லண்டனில் 1895 முதலே மருத்துவமனைகளில் இப்படி ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் பணம் கட்ட வசதியுள்ளவர்கள் இலவசச் சிகிச்சை பெறாமல் கண்காணிப்பதும் அவருடைய பொறுப்பு. அந்தக் காவல் வேலை பாஸ்டனில் வேண்டாம் என்பதில் கேபட்டும் ஐடாவும் உறுதியாக இருந்தார்கள். யாரைத் தள்ளுவது என்று பார்க்கும் ஒருவரிடம் நோயாளி வீட்டுக் கதையைச் சொல்வாரா?

எல்லா மருத்துவர்களும் இதை வரவேற்கவில்லை. வெள்ளைச் சட்டை போடாத ஒருவர் நோயாளியின் சமையலறை வரை விசாரிப்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஐடா வாதாடுவதைவிட விவரங்களோடு பேசுவதையே விரும்பினார். ஒரு நோயாளியின் வீட்டு நிலைமை தெரிந்ததும் சிகிச்சையே மாறிய சந்தர்ப்பங்கள் மருத்துவர்களின் மனத்தை மெல்ல மாற்றின. 1913இல் மருத்துவமனைச் சமூகப் பணி பற்றி ஒரு நூலும் எழுதினார். அடுத்த ஆண்டு துறைத் தலைவரானார். 1918இல் அமெரிக்க மருத்துவமனைச் சமூக ஊழியர்களுக்கென ஒரு சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் வேலை செய்த மருத்துவமனையோ 1919இல்தான் அந்தத் துறையைத் தன் சொந்தச் செலவில் ஏற்றுக்கொண்டது. மேசை போட்டு 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1945இல் ஓய்வு பெற்றார். 70 வயதைக் கடந்த பிறகு, 1952இல், அந்த நடைவழி மேசையின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். 1960இல் காலமானார்.