போன் ஒட்டுக்கேட்பை 1928-லேயே எதிர்த்த நீதிபதி: யார் இந்த லூயிஸ் பிராண்டீஸ்?

போனில் பேசுவதை யாரோ கேட்கிறார்களோ என்ற சந்தேகம். அனுமதி கேட்காமல் எடுக்கப்படும் போட்டோ. ஒரே கம்பெனியின் பிடியில் சிக்கிய மார்க்கெட். இதெல்லாம் ஸ்மார்ட்போன் வந்த பிறகு முளைத்த தலைவலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் இந்த மூன்றோடும் மல்லுக்கட்டிய ஒருவர் 1941-லேயே இறந்துவிட்டார். அவர் பெயர் லூயிஸ் டெம்பிட்ஸ் பிராண்டீஸ். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி. தனியுரிமை என்பது அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்ன தீர்ப்பிலும் அவர் எழுத்து பேசப்பட்டது.

யார் இவர்? இன்றைய டெக் உலகத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கண் மங்கியும் முதலிடம்

1856 நவம்பர் 13-ம் தேதி, கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் பிறந்தார் பிராண்டீஸ். பெற்றோர் பிராக் நகரிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பாவுக்கு தானிய வியாபாரம். அடிமை முறையை எதிர்த்த வழக்கறிஞரான தாய்மாமா டெம்பிட்ஸ் மீது கொண்ட மரியாதையில், தன் நடுப்பெயரையே டேவிட்டிலிருந்து டெம்பிட்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.

18 வயதில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி. அங்கே கண் பார்வை பிரச்சனை கொடுத்தது. சக மாணவர்கள் புத்தகத்தை வாசிக்க, காதால் கேட்டே படித்தார். இருந்தாலும் வகுப்பில் அவர்தான் முதல். 21 வயது நிரம்பாமல் பட்டம் தரக் கூடாது என்பது விதி. அவருக்காக அந்த விதியைத் தளர்த்தி, 1877-ல் 20 வயதிலேயே பட்டம் கொடுத்தது ஹார்வர்ட்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வகுப்புத் தோழர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து பாஸ்டனில் வக்கீல் அலுவலகம் திறந்தார்.

கேமராவால் வந்த வினை

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால், படத்தைப் பிரிண்ட் போட்டு, புது பிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இதுல என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அதற்கு முன்பு போட்டோ என்றால் ஸ்டுடியோவில் அசையாமல் உட்கார வேண்டும். எடுக்கப்படுபவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கையடக்க கேமரா வந்ததும் கதை மாறியது. தெருவில் போகிற யாரையும் யாரும் படம் பிடிக்கலாம். கிசுகிசுவை நம்பிப் பிழைத்த பத்திரிகைகளுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் 1890 டிசம்பரில், வாரனும் பிராண்டீஸும் ஹார்வர்ட் சட்ட இதழில் தனியுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வாரனின் மகள் கல்யாணத்தைப் பத்திரிகைகள் கிசுகிசு ஆக்கியதால் வந்த கோபம்தான் காரணம் என்று ஒரு கதை நெடுநாள் சுற்றியது. அது உண்மையில்லை. வாரனுக்குக் கல்யாணம் ஆனதே 1883-ல்தான். அந்த மகள் அப்போது சின்னக் குழந்தை.

அந்தக் கட்டுரை சொன்னது என்ன?

அன்றைய சட்டம் உடம்புக்குப் பாதுகாப்பு தந்தது, சொத்துக்குத் தந்தது, நற்பெயருக்கும் தந்தது. பொய்யாக எழுதினால் அவதூறு வழக்கு போடலாம். சரி, எழுதியது உண்மையாக இருந்தால்? ஒருவரின் வீட்டு விஷயத்தை அப்படியே அச்சில் ஏற்றினால்? அதற்குத் தெளிவான சட்டம் எதுவும் இல்லை.

இந்த ஓட்டையைத்தான் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். தன் வாழ்க்கை, எண்ணம், முகம் ஆகியவை எந்த அளவுக்கு மற்றவர்களைச் சென்றடையலாம் என்பதை அந்த மனிதரே முடிவு செய்ய வேண்டும். தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. புது கருவிகள் வரும்போது சட்டமும் சேர்ந்து வளர வேண்டும். இதுதான் அவர்கள் வாதம்.

அதே சமயம், இது பெரிய மனிதர்கள் ஒளிந்துகொள்ளும் திரையாகிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். பொதுநலன் சம்பந்தப்பட்ட விஷயங்களை வெளியிட இந்த உரிமை தடையாகாது என்று தெளிவாகவே எழுதினார்கள்.

கோர்ட்டுகள் உடனே ஏற்கவில்லை. ஒரு இளம்பெண்ணின் படத்தை அனுமதியின்றி மாவு விளம்பரத்தில் போட்ட வழக்கில், 1902-ல் நியூயார்க் உயர் அமர்வு கைவிரித்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். மறு ஆண்டே அங்கே தனிச்சட்டம் வந்தது. 1905-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தனியுரிமையை ஏற்றது.

கம்பெனி பெருசானா என்ன தப்பு?

பிராண்டீஸின் இன்னொரு போர்க்களம், ஏகபோகம். யுனைடெட் ஷூ மெஷினரி என்ற கம்பெனி, செருப்பு தைக்கும் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டது. கூடவே, போட்டிக் கம்பெனியின் இயந்திரத்தை நாட முடியாதபடி நிபந்தனைகளைப் போட்டது. ஒரு காலத்தில் அந்தக் கம்பெனிக்கு வக்கீலாகவும் இயக்குநராகவும் இருந்தவர் இதே பிராண்டீஸ்தான். பிறகு வெளியே வந்து அதையே எதிர்த்தார். கட்சி மாறிவிட்டார் என்று எதிரிகள் கடைசி வரை குத்திக்காட்டினார்கள்.

ரயில்வே, வங்கி என எங்கே ஒரு சிலர் கையில் எல்லாம் குவிந்ததோ, அங்கெல்லாம் அவர் குறுக்கே நின்றார். ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குக் கடிவாளம் போடும் கிளேட்டன் சட்டம் 1914-ல் வந்தது.

அந்தச் சட்டத்தில் பின்னாளில் சிக்கிய கம்பெனி எது தெரியுமா? ஐபிஎம். தன் கணக்கிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் தன்னிடம்தான் துளையிடும் அட்டைகளையும் வாங்க வேண்டும் என்று அது நிபந்தனை போட்டது. அது சட்டவிரோதம் என 1936-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது பிராண்டீஸ் அந்த நீதிமன்றத்தில் நீதிபதி. பிரிண்டரை வாங்கினால் அதே கம்பெனி மையைத்தான் ஊற்ற வேண்டும் என்ற இன்றைய சண்டைக்கு இது பாட்டன்.

4 மாதம் இழுத்த நியமனம்

1916 ஜனவரியில் வில்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். பெரும் பணக்காரர்களும் முன்னாள் ஜனாதிபதி டாஃப்டும் எதிர்த்தார்கள். யூதர் என்ற வெறுப்பும் சேர்ந்துகொண்டது. 4 மாத இழுபறிக்குப் பிறகு, ஜூன் 1-ம் தேதி 47-க்கு 22 என்ற கணக்கில் செனட் ஒப்புதல் கொடுத்தது. உள்ளே போன பிறகும் மெக்ரெனால்ட்ஸ் என்ற சக நீதிபதி வெறுப்பை மறைக்கவில்லை.

சாராய வியாபாரியும் டெலிபோன் கம்பியும்

அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சியாட்டில் நகர முன்னாள் போலீஸ் அதிகாரி ராய் ஓம்ஸ்டெட், மது கடத்தலில் கொடிகட்டிப் பறந்தார். அவரைப் பிடிக்க மத்திய அதிகாரிகள் அவர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்திலும், வீடுகளுக்கு வெளியே தெருவிலும் டெலிபோன் கம்பியில் இணைப்பு போட்டுக் கேட்டார்கள். கிட்டத்தட்ட 5 மாதம். எழுதிய குறிப்பு மட்டும் 775 பக்கம். கோர்ட் உத்தரவு எதுவும் கிடையாது. அந்த மாகாணத்தில் ஒட்டுக்கேட்பதே குற்றம்.

1928 ஜூன் 4-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். ஆமாம், 1916-ல் பிராண்டீஸை எதிர்த்த அதே டாஃப்ட். அதிகாரிகள் வீட்டுக்குள் நுழையவில்லை, எந்தப் பொருளையும் எடுக்கவில்லை, வெறுமனே காதால் கேட்டார்கள். எனவே அரசியல் சட்டம் மீறப்படவில்லை என்பது அவர் வாதம்.

பிராண்டீஸ் இதைக் கடுமையாக மறுத்தார். அவர் முன்வைத்த காரணங்கள் இவை:

- அரசியல் சட்டம் எழுதிய காலத்தில், ரகசியத்தைப் பிடுங்க கதவை உடைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையைக் கம்பி செய்கிறது. வழி மாறியதால் பாதுகாப்பு காணாமல் போகக் கூடாது.

- ஒரு போனை ஒட்டுக்கேட்டால் சிக்குவது ஒருவர் மட்டுமல்ல. அவரை அழைத்தவர், அவர் அழைத்தவர் எல்லாரும் சேர்ந்தே சிக்குகிறார்கள்.

- குற்றவாளியைப் பிடிக்க அரசே குற்றம் செய்தால், சட்டத்தின் மீது யாருக்கும் மதிப்பு இருக்காது.

- கெட்ட எண்ணத்தோடு வருபவரை மக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். நல்லது செய்கிறேன் என்று வரும் அரசிடம்தான் அதிக கவனம் தேவை.

மேசை டிராயரிலிருந்து காகிதத்தை எடுக்காமலே, அதில் உள்ளதை அரசு கோர்ட்டில் காட்டும் காலம் வரும் என்றும் அவர் கணித்தார். அவருடைய ஆரம்ப வரைவில் அப்போது பரிசோதனை நிலையில் இருந்த டெலிவிஷனும் இடம்பெற்றிருந்தது. அந்தக் கருவி அப்படி வேலை செய்யாது என்று உதவியாளர் சொன்னதால் அது நீக்கப்பட்டது. கருவியின் பெயர் தப்பியது, கணிப்பு தப்பவில்லை. கிளவுடில் கிடக்கும் ஃபைலைப் பார்க்க இன்று யாரும் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

அவர் மீதும் ஒரு கறை

இதற்கு ஓராண்டு முன்பு, 1927-ல், மனவளர்ச்சி குன்றியவர் என முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா மாகாணத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 8 நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் மட்டுமே எதிர்ப்பு. அந்த 8 பேரில் பிராண்டீஸும் ஒருவர். போன் கம்பிக்காகக் குரல் கொடுத்தவர், ஒரு பெண்ணின் உடம்புக்காகக் குரல் கொடுக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று வரும் அரசைப் பற்றிய அவருடைய எச்சரிக்கை அவருக்கே பொருந்தியது என்பதுதான் சோகம்.

39 ஆண்டு கழித்து கிடைத்த வெற்றி

1939-ல் பிராண்டீஸ் ஓய்வு பெற்றார். 1941 அக்டோபர் 5-ல் காலமானார். அவர் அஸ்தி லூயிவில் பல்கலைக்கழக சட்டப் பள்ளியின் முகப்பில் புதைக்கப்பட்டது.

1967-ல் ஒரு பொது டெலிபோன் பூத்தில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்த வழக்கில், 1928 தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிட்டது. 2018-ல், ஒருவரின் 127 நாள் செல்போன் இருப்பிடத் தகவலை வாரண்ட் இல்லாமல் வாங்கியது தவறு என்று தீர்ப்பு வந்தது. அதிலும் பிராண்டீஸின் மறுப்பு மேற்கோள் காட்டப்பட்டது.

இந்தியாவில் என்ன நடந்தது?

இந்திய உச்ச நீதிமன்றம் 1954-லும் 1963-லும் தனியுரிமையை அரசியல் சட்ட உரிமையாக ஏற்கவில்லை. 1994-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு முக்கியத் திருப்பமானது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு; ஆனால் அதிகாரிகள் தங்கள் பணி சார்ந்த விஷயங்களில் அதன் பின்னால் ஒளிய முடியாது, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது என்றது கோர்ட். 1890 கட்டுரை போட்ட அதே கோடு.

2017 ஆகஸ்ட் 24-ல், ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடங்கிய வழக்கில், 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள்.

தப்பு செய்யாதவனுக்கு ஏன் பயம் என்ற கேள்வி இன்றும் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை கேட்கிறது. ஓம்ஸ்டெட் தப்பு செய்தவர்தான், பிராண்டீஸுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தக் கம்பியில் பேசிய மற்ற எல்லாருக்காகவும்தான் அவர் எழுதினார். ஒரு புது ஆப் கான்டாக்ட், மைக், லொகேஷன் என வரிசையாக அனுமதி கேட்கும்போது, அந்த கான்டாக்ட் பட்டியலில் இருப்பவர்கள் யாரும் ஓகே பட்டனை அழுத்துவதில்லை.