பல்வாங்கர் பாலு: பந்தைத் தந்தார்கள், தலைமையைத் தரவில்லை

ஒரே ஆட்டத்தில் தனியொருவர் நிகழ்த்திய தலைசிறந்த சாதனை எது? ராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ மாணவர்களிடையே இந்த விவாதம் எழுந்தால், 1983இல் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் குவித்த 175 ஓட்டங்களும், 1999இல் டெல்லியில் கும்ப்ளே வீழ்த்திய 10 விக்கெட்டுகளும் முன்வைக்கப்படும். பல்வாங்கர் பாலுவின் பெயர் அரிதாகவே ஒலிக்கும்.

1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் சமார் சமூகத்தில் பிறந்தவர் பாலு. புனேயில் ஐரோப்பியர் மன்றமொன்றில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். மாத ஊதியம் 4 ரூபாய். வெள்ளையர் மட்டை பிடித்துப் பயிற்சி பெற, அவர்களுக்கு இடக்கையால் சுழற்பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை. வெற்றிக்கு அவர் தேவை என்பதை உணர்ந்த புனேயின் சாதி இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. இரட்டைக் குவளையை அறிந்த தென் மாவட்ட மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னர் பம்பாய் சென்ற அவர், 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது அவ்வெற்றியின் தூண்களுள் ஒருவராக நின்றார். 1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகள் எடுத்தார்.

இத்தனைக்குப் பின்னரும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவர் அணியிலிருந்து விலக்கப்பட்டபோது தம்பியர் சிவராமும் விட்டலும் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினர். 1923இல் விட்டல் தலைவரானார். தமையனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி பெறப் போராட்டம் தேவைப்பட்டது.

பாலுவின் அரசியல் வாழ்வை மறைக்க வேண்டியதில்லை. அவரை முன்னர் போற்றிய அம்பேத்கரிடமிருந்து விலகி, தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்தார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937இல் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று, 13,245க்கு 11,225 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றார். 1955இல் மறைந்தார்.

அந்த ஒப்பந்தத்தின் வழிவந்ததே இன்றைய தனித்தொகுதி முறை. 2006 தேர்தல் வரை ராஜபாளையமும், 2011 முதல் திருவில்லிபுத்தூரும் தனித்தொகுதிகள். வேட்பாளர் பட்டியல் சாதியினர். வெற்றியைத் தீர்மானிப்பவர்களோ எல்லாச் சாதியினரும். பாலு ஆடிய அணியின் அமைப்பும் இத்தகையதே: விக்கெட் எடுக்க அவர் வேண்டும், தலைமை தாங்க வேண்டாம்.

ஆகவே, சாதனையை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. 8 என்பது 10ஐவிடச் சிறிய எண்ணே. ஆனால் மட்டை தொட வாய்ப்பற்றிருந்த ஒருவர் அந்த 8ஐ எட்டக் கடந்த தொலைவு, எந்த ஆட்டப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. விவாதத்தில் அத்தொலைவையும் சேர்த்து எண்ணுவதே நேர்மை.